காலநிலையும் காலக்கெடுவும்: கிணற்றடியிலிருந்து ஓர் அறிமுகம்

கோப்பாயில் என் பெரியப்பாவுக்கு ஒரு செம்பாட்டுத் தோட்டம் இருக்கிறது. வெங்காயம், மரவள்ளி, வேலியோரம் கொஞ்சம் வாழை. போன ஆவணியில் அங்கே போயிருந்தபோது பெரியம்மா தேத்தண்ணி தந்தா. ஒரு வாய் குடித்ததும் என் முகம் போன போக்கைப் பெரியப்பா கண்டுவிட்டார்.

"சவர்க்குது என்ன?" என்றார். "குடிக்கிறதுக்கு இப்ப வெளியில இருந்துதான் எடுக்கிறம். உன்ர பெரியம்மா மறந்துபோய்க் கிணத்துத் தண்ணியில ஊத்திப்போட்டா."

"மெசின் போட்டு இறைச்சது கூடிப்போச்சோ, பெரியப்பா?"

"நான் மட்டுமே இறைச்சனான்? இருபது இருபத்தைஞ்சு வரியமா ஊரே இறைக்குது. உப்பு இப்பத்தான் வந்து நிக்குது."

கேத்திலைத் திறந்து காட்டினார். உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாய் ஒரு படை. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாய்க் கழன்று வந்தது. அதில் உப்பைவிடச் சுண்ணாம்புதான் கூட என்பது எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் கொள்கைகள் ஏன் இப்படி அரசியல் இழுபறிக்குள் மாட்டிக்கொள்கின்றன என்று கேட்பவர்களுக்கு, பெரியப்பா கடைசியாகச் சொன்ன வசனமே பாதிப் பதில். பூமி சூடாகிறதா, மனிதர்தான் காரணமா என்பவை விஞ்ஞானிகளிடையே எப்போதோ முடிந்துபோன கேள்விகள். முடியாத கேள்வி 'எப்போது' என்பது. எப்போது நிறுத்துவது, எப்போதிலிருந்து கணக்குப் பார்ப்பது, எப்போது காசு கொடுப்பது? நாளைக் குறிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, பாரம் யார் தலையில் விழவேண்டும் என்பதையும் அவர்தான் குறிக்கிறார்.

முதலில் கிணற்றை முடித்துவிடுவோம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை அது உவரை அமுக்கி வைத்திருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி இறைத்து இறக்கிவிட்டால், கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஆனால் இன்று இறைத்தால் நாளைக்கே ஏறிவிடாது. மெல்ல, கல் இடுக்கு வழியாக, வருடக்கணக்கில் வரும். இறைத்தவர் கிணற்றில்தான் வரும் என்றும் இல்லை, பக்கத்து வளவில் வரலாம். வந்தபின் மெசினை நிறுத்தினாலும் அது உடனே இறங்கிப் போகாது. ஒரு நல்ல மாரி போதாது, பல மாரி வேண்டும்.

காற்றுமண்டலமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது, இன்னும் பெரிய அளவில், இன்னும் நீண்ட காலத்துக்கு. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டில் ஒரு பகுதியைக் கடலும் மரங்களும் எடுத்துக்கொள்ளும். மீதியில் கணிசமான பங்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு மேலேயே நிற்கும். 1958இல் ஹவாயில் உள்ள மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு இந்த வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் அநேகமாய் ஒரு தவறு விடுவார்கள். நானும் விட்டவன்தான். "உலகம் புகையை இந்த வருடம் குறைத்துவிட்டது" என்று செய்தி வந்தால் வெப்பமும் குறையும் என்று நினைப்போம். கிணற்றடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழாயால் தண்ணீர் விழுகிறது, அடியில் சின்ன ஓட்டையால் வடிகிறது. குழாயைக் கொஞ்சம் திருகி வேகத்தைக் குறைத்தாலும், விழுவது வடிவதைவிடக் கூடவாக இருக்கும்வரை தொட்டி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். குழாயை முழுதாய்ப் பூட்டுவதை, அல்லது மிச்சமாய் விழுவதை அதே அளவுக்கு நாமே அள்ளி எடுத்துவிடுவதைத்தான் 'நிகர பூச்சியம்' என்கிறார்கள். அப்படிச் செய்தாலும் வெப்பநிலை பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே நிற்குமே தவிர, பழைய நிலைக்கு இறங்காது. கடல்மட்டம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டு போகும்.

மெதேன் வாயு வேறு ரகம். அது காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுதான், ஆனால் தங்கும் காலத்தில் சூட்டை மிகப் பலமாகப் பிடித்து வைக்கும். வயல், மாடு, குப்பைமேடு, எரிவாயுக் குழாய் எல்லாம் அதன் ஊற்று. அதைக் குறைத்தால் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும்.

ஆக, வாயுவுக்கு வாயு மணிக்கூடு வேறு. அரசியலின் மணிக்கூடு இவை எதனோடும் ஒத்துப்போவதில்லை.

இலங்கையில் ஜனாதிபதிக்கு ஐந்து வருடம், பாராளுமன்றத்துக்கும் ஐந்து வருடம். இன்று மின்கட்டணத்தைக் கூட்டி, எரிபொருளுக்கு வரி போட்டு, பழைய மின்நிலையத்தை மூடுகிற அரசியல்வாதிக்கு ஏச்சு இன்றைக்கே கிடைக்கும். நன்றி சொல்ல வேண்டியவர்களோ இன்னும் பிறக்கவில்லை, அவர்களுக்கு வாக்கும் இல்லை. போதாக்குறைக்கு, நம் நாட்டில் குறைத்த புகையின் பலன் உலகம் முழுவதற்கும் பங்கிட்டுப் போய்விடும். நட்டம் உள்ளூரில் உடனே, லாபம் வெளியூரில் பிறகு. இப்படியொரு சரக்கைத் தேர்தல் மேடையில் விற்க எந்த வேட்பாளருக்கு மனம் வரும்?

அடிக்கல் நாட்டுபவர் ஒருவர், நாடா வெட்டுபவர் இன்னொருவர் என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேரெடுத்த திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியில் கடல்நீர் வராமல் தடுத்து, கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைநீரைத் தேக்கி, முள்ளியான் பக்கமாக ஒரு கால்வாய் வெட்டி, வடமராட்சி, உப்பாற்று நீரேரிகளுக்கு நன்னீரைக் கொண்டுவருவது யோசனை. அங்கே தேங்கும் நன்னீர் கிணறுகளுக்கும் ஊறும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை வந்தது. கால்வாய் முழுமை பெறவில்லை. எத்தனை அரசாங்கம், எத்தனை அமைச்சர், நடுவில் ஒரு போர்! எழுபது வருடமாய் அந்தத் திட்டம் தேர்தலுக்குத் தேர்தல் உயிர்த்தெழுந்து பிறகு படுத்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறையச் செலவாகும். மழைநீரைப் பிடித்து வைக்கத் தவறிய காலத்துக்கான வட்டி என்றுதான் எனக்கு அது படுகிறது.

வட்டி என்றதும் இந்த விவகாரத்தின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். பொருளாதாரம் படிக்காதவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் காலம் பற்றிய அரசியல் முழுவதும் ஒரு சின்ன எண்ணுக்குள் ஒளிந்திருப்பது இங்கேதான்.

நகையை அடைவு வைத்தவருக்குத் தெரியும், இன்றைய நூறு ரூபாயும் அடுத்த வருடத்து நூறு ரூபாயும் ஒன்றல்ல. அரசாங்கங்களும் அப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. எதிர்கால லாபத்தையோ நட்டத்தையோ இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவு வீதம் என்று கழிப்பார்கள். இதைக் கழிவு வீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு. நூறு வருடம் கழித்துக் கடல் ஏறி ஒரு வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபா சேதம் வரப்போகிறது. அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிப்பது நியாயம்? கழிவு வீதம் நூற்றுக்கு ஐந்து என்றால், ஏறத்தாழ 7,600 ரூபா. அதற்கு மேல் ஒரு சதம் கூடச் செலவழித்தால் அது வீண் செலவு என்று கணக்கு சொல்லும். வீதத்தை 1.4 ஆக்குங்கள், விடை கிட்டத்தட்ட இரண்டரை இலட்சமாகிவிடும். அதே வீடு, அதே கடல், அதே சேதம். மாறியது ஓர் எண். விடை முப்பது மடங்குக்கு மேல் பாய்ந்துவிட்டது.

இது கற்பனைச் சண்டை அல்ல. 2006இல் பிரித்தானிய அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டேர்ன் தயாரித்த அறிக்கை ஏறத்தாழ 1.4 வீதத்தை வைத்தது. இப்போதே பெருமளவில் செலவழியுங்கள், பொறுத்திருந்தால் நட்டம் பல மடங்கு என்றது. அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸ் சந்தை வட்டியோடு ஒத்துப்போகும், அதைவிட நன்றாகக் கூடிய வீதத்தை வைத்தார். அவர் கணக்கு மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டச் சொன்னது. 2018இல் நோபல் பரிசு பெற்றவர் அவர், சாமானியர் அல்ல. இருவரும் ஒரே விஞ்ஞானத்தைத்தான் படித்தார்கள்.

கூடிய வீதத்துக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டு. நாளைய மனிதர் நம்மைவிட வசதியாக இருப்பார்கள், வசதியானவருக்காக ஏழை ஏன் வயிற்றைக் கட்ட வேண்டும்? கிளிநொச்சியில் ஓலைக்கொட்டிலில் இருப்பவரிடம் போய் 2120ஆம் ஆண்டின் மக்களுக்காகச் சிக்கனமாக இருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் 'பின்னால் பிறந்தவன்' என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனின் துன்பத்தைக் கழித்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். பனை காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். ஐந்து வீதக் கணக்குப் பார்த்திருந்தால் குடாநாட்டில் ஒரு வடலிகூட மிஞ்சியிருக்காது. (பனை அநேகமாய்த் தானே விழுந்து முளைத்ததுதான், எங்கள் பாட்டன்மார் அவ்வளவு தியாகிகள் இல்லை என்று பெரியப்பா சொல்வார். அதுவும் உண்மைதான்.)

எதிர்காலத்தை எப்படி எடைபோடுவது என்ற சண்டை அது. இறந்தகாலத்தைப் பற்றியும் ஒன்று நடக்கிறது.

ஒரு நாடு "40 வீதம் குறைப்போம்" என்று சொன்னால், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு என்று உடனே கேட்க வேண்டும். புகையைக் குறைக்க 1997இல் உருவான கியோட்டோ உடன்படிக்கை பெரும்பாலான நாடுகளுக்கு 1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ரஷ்யாவிலும் உக்ரைனிலும் புகை தானாகவே சரிந்தது. 1990 மட்டத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் அவர்களுக்கான இலக்கு. ஆக, ஒரு துரும்பும் அசைக்காமலே இலக்குக்குக் கீழே நின்றார்கள், மிச்சத்தை மற்ற நாடுகளுக்கு விற்கும் உரிமையும் கிடைத்தது. வெறுங்காற்று வியாபாரம் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஜேர்மனிக்கும் கிழக்குப் பகுதியின் பழைய ஆலைகள் மூடப்பட்டதால் அதே ஆண்டு வசதியாக அமைந்தது. அமெரிக்காவோ, நாடுகள் தங்கள் இலக்கைத் தாங்களே அறிவிக்கும் பரிஸ் காலநிலை ஒப்பந்தத்துக்கான வாக்குறுதியில் 2005ஐ எடுத்துக்கொண்டது. அங்கே புகை கிட்டத்தட்ட உச்சியில் நின்ற காலம் அது. உயரமான படியிலிருந்து அளந்தால் இறக்கம் பெரிதாகத் தெரியும் அல்லவா?

அதற்கும் பின்னால் போனால் கதை இன்னும் சூடு பிடிக்கும். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கூட்டினால், எரிபொருளிலிருந்து வந்த காபனீரொட்சைட்டில் கால்வாசி அமெரிக்காவினுடையது. இலங்கையர் ஒருவர் வருடத்துக்கு விடுவது சராசரியாக ஒரு தொன் அளவு, உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். பழைய கடனைப் பேசாமல் இன்றைய செலவை மட்டும் சமமாகப் பிரிப்போம் என்பது பணக்கார நாடுகளுக்கு வசதியான நாட்காட்டி. கடலில் அமிழும் அபாயத்தில் இருந்த சிறு தீவு நாடுகளுக்காக, சேதத்துக்கு நட்டஈடு வேண்டும் என்று பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1991இலேயே கேட்டது. அப்படி ஒரு நிதியம் அமைக்க உலக நாடுகள் சம்மதித்தது 2022இல், எகிப்தில். முப்பத்தொரு வருடம். தாமதமும் ஒரு கொள்கைதான், அதில் லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மீதி இருப்பு எவ்வளவு? ஐநாவின் காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களிடைக் குழு 2021இல் சொன்ன கணக்கு இது. வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த சரிபாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து உலகம் முழுவதும் சேர்ந்து இன்னும் சுமார் 500 பில்லியன் தொன் காபனீரொட்சைட்டுத்தான் விடலாம். ஒரு வருடத்தில் விடுவது சுமார் 40 பில்லியன். வகுத்துப் பார்க்கக் கல்குலேட்டர் தேவையில்லை. இப்படி இருப்பாகப் பார்க்கும்போது, "2050இல் பூச்சியம்" என்ற வாக்குறுதி மட்டும் எதையும் சொல்லாது என்பதும் புரியும். 2049வரை முழுவேகத்தில் எரித்துவிட்டு 2050இல் நிறுத்துபவரும், இன்றிலிருந்து படிப்படியாகக் குறைப்பவரும் ஒரே நாளில் பூச்சியத்தைத் தொடலாம். தொட்டியில் விட்ட தண்ணீர் ஒன்றல்ல.

கட்டடங்களுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு 2011இல் ஓடத் தொடங்கியது, 2014இல் மொத்தம் 900 மெகாவாட்டாகியது. இப்படியான நிலையங்கள் முப்பது, நாற்பது வருடம் ஓடக்கூடியவை. போட்ட காசை எடுக்கும்வரை மூட எவருக்கும் மனம் வராது. சம்பூரில் திட்டமிட்ட இன்னொரு நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அது எழும்பியிருந்தால் 2050களிலும் புகைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கூட்டத்தின் முடிவு அரை நூற்றாண்டுக்குச் சுவர் எழுப்பிவிடும்.

நல்ல திட்டத்துக்கும் நாள் தவறும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் சூரியஒளியும் காற்றும் கலந்த சிறு மின்திட்டங்களைச் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனா வருவதை இந்தியா விரும்பவில்லை. வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம். மொத்தமே இரண்டு மெகாவாட் சொச்சம். அந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசல் எரிந்ததற்கும் காலநிலை விஞ்ஞானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்ப உடனே செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். உடனே செய்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ பத்து வருடத்தில் நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவதாக வாக்குறுதி தந்தார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலில் நிறுத்தினார். சொன்ன காரணம் உடல்நலம், பின்னால் டொலர் தட்டுப்பாடும் நின்றது. பத்து வருட வேலையை ஒரு போகத்துக்குள் செய்யப் பார்த்தார்கள். நெல்லும் தேயிலையும் விழுந்தன, நவம்பரில் தடையை எடுத்தார்கள். என் கவலை அந்த விளைச்சலோடு முடியவில்லை. இனி எந்த அரசு வந்து 'சுற்றாடல்' என்று வாய் திறந்தாலும் விவசாயி ஓரடி பின்னால் போய்த்தான் நிற்பான். அந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்ட எத்தனை போகம் செல்லுமோ?

சில நாடுகள் நாளைய அரசாங்கத்தின் கையையும் இன்றே கட்டிப்போடப் பார்க்கின்றன. பிரித்தானியா 2008இல் ஒரு சட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு புகை வரம்பைப் பல ஆண்டு முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. பிரதமர் மாறினாலும் வரம்பு நிற்கும். ஜேர்மனியில் 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம், 2030க்குப் பிந்திய சுமையை இளையவர்கள் தலையில் கட்டுவது அவர்களது சுதந்திரத்தைப் பறிப்பது என்று சொல்லி அரசின் காலநிலைச் சட்டத்தில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியது. நாடு தன் பூச்சிய இலக்கை 2050இலிருந்து 2045க்கு முன்தள்ளியது. கட்டு எங்கேயும் இரும்பு அல்ல. அமெரிக்கா பரிஸ் ஒப்பந்தத்தில் இருந்து 2020இல் வெளியேறி, 2021இல் திரும்பி, 2025இல் மறுபடி வெளியேற உத்தரவிட்டது.

எங்கள் நாட்டின் வாக்குறுதியையும் இந்தக் கண்ணால் ஒருதரம் பாருங்கள். 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து, 2050இல் காபன் சமநிலை, அதாவது அதே நிகர பூச்சியம். இவற்றை 2021இல் அறிவித்த ஜனாதிபதி அடுத்த ஆண்டே நாட்டைவிட்டு ஓடிவிட்டார். 2030க்கு முந்திய வருடம் இன்னொரு ஜனாதிபதித் தேர்தல் வருகிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் 2050ஐக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. 2030க்கு இன்னும் எத்தனை மாரி என்று விரல் மடித்து எண்ணினார். ஒரு கைக்குள்ளேயே எண்ணி முடிந்துவிட்டது.